அடுக்களைக் கணக்கும் பங்கீட்டு நீதியும்

நீதியைப் பற்றி எழுதிய மெய்யியலாளர் பெரும்பாலும் அரசையும் நீதிமன்றத்தையும் சந்தையையும் மனத்திற் கொண்டே எழுதியுள்ளனர். அடுக்களை அவர்களின் கவனத்துக்கு அரிதாகவே வந்துள்ளது. ஆயினும், உள்ள பொருள் போதாதவிடத்து அதனை யாருக்கு எவ்வளவு என வகுப்பதே பங்கீட்டு நீதியின் முதல் வினாவாயின், அவ்வினாவுக்கு நாள்தோறும் விடை காணப்படும் இடம் பாராளுமன்றம் அன்று, அடுப்படியே. மாதச் சம்பளத்திலோ நாட்கூலியிலோ உணவுக்கென எஞ்சும் சிறு தொகையைக் கொண்டு வருகின்ற ஏழு நாட்களுக்கும் எதனைச் சமைப்பது, எதனைத் தவிர்ப்பது, எதனை யாருக்கு எடுத்து வைப்பது என முன்கூட்டியே தீர்மானிக்கும் ஒரு பெண் (அவர் பெரும்பாலும் பெண்ணே) செய்வது வெறும் கூட்டல் கழித்தலா, அல்லது அறத்தீர்ப்பா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

பொருளியல் என்பதைக் குறிக்கும் மேனாட்டுச் சொல்லே மனையை ஆளுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். அரிஸ்ரோட்டில் தமது ‘அரசியல்’ நூலின் முதற் பகுதியில் மனையாட்சியையும் பணந்திரட்டும் கலையையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னதற்குத் தேவை என்னும் எல்லை உண்டு. பின்னதற்கு எல்லையே இல்லை என்பது அவரது வாதம். சிறந்த வேறுபாடுதான். ஆனால் அவர் கருத்திற் கொண்டிருந்தது அடிமைகளை உடைய ஒரு மனைத்தலைவனை. அத்தகையோன் எல்லையைத் தானே விதித்துக்கொள்கிறான். போதும் என்று சொல்வது அவனுக்கு ஒரு பண்பு. எல்லை வெளியிலிருந்து விதிக்கப்பட்டு, அதுவும் தேவைக்குக் கீழே விதிக்கப்பட்ட குடும்பத்தைப் பற்றி அவரிடம் கேட்டறிவதற்கு அதிகம் இல்லை.

திருக்குறளில் வருவாய்க்கேற்ற வாழ்வு என்னும் கருத்து இரு வேறிடங்களில் வருகின்றது. வருவாய் சிறிதேயாயினும் செலவு அதனை விஞ்சாதவரை கேடில்லை என்பது ‘வலியறிதல்’ அதிகாரத்தில் ஆள்வோனை நோக்கிக் கூறப்படுகின்றது. கணவனின் வளத்துக்குத் தக வாழ்தல் ‘வாழ்க்கைத் துணைநலம்’ என்னும் அதிகாரத்தில் மனைவியின் மாண்பாகக் கூறப்படுகின்றது. இரண்டும் ஒரே கணக்குத்தான். ஆனால் அரசனுக்கு அது அறிவு. மனைவிக்கு அது குணம். கணக்கில் தவறும் அரசன் தன் வலியறியாதவன் எனப்படுவான்; கணக்கில் தவறும் மனைவியோ நல்லவள் அல்லள் எனப்படுவாள். இவ்வேறுபாடு இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. மாத இறுதியில் அரிசிப் பானை வெறுமையாகும்போது, சம்பளம் போதவில்லை என்பதற்கு முன்னர் அவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியவில்லை என்னும் சொல்லே அயலில் எழுகின்றது.

குறைந்த செலவில் உண்பது கணித நுட்பம் மட்டுமே எனக் கொள்வோருக்குத் தக்க விடை அக்கணிதத்தின் வரலாற்றிலேயே உள்ளது. 1945 இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் ஸ்ரிக்லர் ஒரு வினாவை எழுப்பினார். ஒரு மனிதனின் உடலுக்கு வேண்டிய ஒன்பது ஊட்டக்கூறுகளையும் ஆகக் குறைந்த செலவில் பெற எவற்றை உண்ணல் வேண்டும்? எழுபத்தேழு உணவுப் பொருட்களை ஆராய்ந்து, 1939 ஆம் ஆண்டு விலைப்படி ஆண்டொன்றுக்கு 39.93 டொலர் போதும் என்று அவர் கணித்தார். கோதுமை மா, செறிவாக்கிய பால், கோவா, பசளி, உலர்ந்த அவரை ஆகிய ஐந்துமே அவ்வுணவு. இரண்டாண்டுகளின் பின் டான்சிக் என்னும் கணிதவியலாளரின் புதிய முறை அதே வினாவில் பரிசோதிக்கப்பட்டது. ஒன்பது எழுதுவினைஞர்கள் மேசைக் கணிப்பான்களோடு அமர்ந்து செய்த வேலை 120 ஆள்நாட்களை விழுங்கியது. விடை 39.69 டொலர். இருபத்துநான்கு சதம் மிச்சம்! ஸ்ரிக்லர் நேர்மையான ஆய்வாளர். இத்தகைய உணவை எவருக்கும் எவரும் விதந்துரைப்பதில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மனிதர் தாம் உண்பதற்குச் சுவையையும் பல்வகைமையையும் சமூகப் பொருளையும் வேண்டி நிற்கின்றனர் என்பதையும், உணவியலாளர் வகுக்கும் ‘குறைந்த செலவு’ உணவுகளில் இப்பண்பாட்டுக் கூறுகள் சொல்லாமலே கலந்துவிடுகின்றன என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

அவருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னர், இங்கிலாந்தின் யோர்க் நகர ஏழைகளைப் பற்றிச் சீபோம் றௌன்றி செய்த ஆய்வு இவ்வுண்மையை வேறொரு வழியிற் காட்டுகின்றது. 1901 இல் வெளிவந்த அந்நூலில், தந்தை, தாய், மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பம் உடல் வலுவை மட்டும் காத்துக்கொள்ளக் கிழமைக்கு 21 சிலிங் 8 பென்ஸ் வேண்டும் என அவர் கணித்தார். அதில் உணவுக்கு 12 சிலிங் 9 பென்ஸ். அவ்வுணவுத் திட்டத்தில் புத்திறைச்சி இல்லை. வேலைகொள்ளும் ஏழைவிடுதிகளில் வழங்கப்பட்ட உணவைவிடவும் அது எளியது. அத்தொகையில் வாழும் குடும்பம் புகைவண்டியில் ஏறலாகாது, பத்திரிகை வாங்கலாகாது, தொலைவில் உள்ள பிள்ளைக்குக் கடிதம் எழுத முத்திரை வாங்கலாகாது, குழந்தைக்குப் பொம்மையோ இனிப்போ வாங்கலாகாது என்று றௌன்றி விரித்துரைத்தார். ஏழைகளுக்கு இவ்வாறு வாழுங்கள் என உபதேசிப்பது அவரது நோக்கமன்று. இவ்வளவு இறுக்கிக் கணித்தும் கூலி போதவில்லை என்று காட்டுவதே அவர் நோக்கமாகும். பின்னாளில் சிலர் அக்கணக்கை எடுத்து, அதனைச் சான்றாக அன்றி விதியாக மாற்றியது வேறு கதை. றௌன்றியோ 1936 இல் அதே நகரை மீண்டும் ஆராய்ந்தபோது பத்திரிகைக்கும் வானொலிக்கும் இடம் விட்டே தம் அளவுகோலை அமைத்தார்.

ஏழையின் வீட்டில் சீனி போட்ட ஒரு கோப்பைத் தேநீரையும், கிழமையில் ஒரு நாள் வாங்கும் மீனையும், தைப்பொங்கலுக்கு வாங்கும் கசுக்கொட்டையையும் வீண்செலவு என எண்ணுவோர் இன்றும் உளர். ஊட்டக் கணக்கில் அவை வீண்செலவாகவும் இருக்கலாம். ஆனால் உண்பவன் அடுப்பில் விறகு இடுவதுபோல் உடலுக்குள் உணவை இடுவதில்லை. பகல் முழுவதும் மண் சுமந்து வந்தவனுக்கு மாலையில் கிடைக்கும் அந்தத் தேநீர், அந்நாள் முற்றிலும் பிறர்க்கே உரியதாகிவிடவில்லை என்பதற்கு அடையாளம். வறியோர்க்குரிய உணவுத்திட்டம் என ஒன்று வகுக்கப்படின், அதில் இன்பத்துக்கென ஒரு வரி இருத்தல் சலுகை அன்று. திட்டத்தின் உண்மைத்தன்மைக்கே அது இன்றியமையாதது. அவ்வரி இல்லாத திட்டம் மூன்றாம் நாளே முறியும். முறிந்ததும் குற்றம் திட்டத்தின்மீது சுமத்தப்படுவதில்லை. மனவுறுதி இல்லாதவள் என அவள்மீதே சுமத்தப்படும்.

அறிவுரைகளின் இயல்பும் இவ்விடத்து நோக்கற்பாலது. மொத்தமாக வாங்கினால் மலிவு. பருவத்தில் வாங்கிச் சேமித்தால் மலிவு. பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் மிச்சம். இவை யாவும் மெய்யே. ஆயினும் முதலிரண்டுக்கும் கையில் முதல் வேண்டும். அன்றாடங் கூலி பெறுபவன் அன்றைக்கு நூறு கிராம் பருப்பும் கால் போத்தல் தேங்காய் எண்ணெயும் சிறு பைக்கற் பால்மாவுமே வாங்க இயலும். நிறைக்கு நிறை பார்த்தால் ஒரு கிலோ வாங்குபவரைவிட அவனே கூடிய விலை கொடுக்கின்றான். கையிற் காசில்லாத நாளில் கடைக்காரரின் கடன் கொப்பியில் பெயர் ஏறுகின்றது. கொப்பியில் பெயர் உள்ளவன் வேறு கடையில் மலிவு தேட முடியாது. ஆக, முன்யோசனை என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைக்கும் பண்டம் அன்று. மாதச் சம்பளக்காரனின் முன்யோசனை அவன் சம்பளத்தோடு கூடவே வருகின்றது. நாட்கூலிக்காரனிடம் அதனை எதிர்பார்த்து, அது இல்லாமையை ஒழுக்கக் குறையாக எண்ணுதல் நியாயமாகாது.

திட்டமிடுதலுக்கு மற்றொரு நிபந்தனையும் உண்டு. நாளை ஓரளவேனும் அறியப்படக்கூடியதாய் இருத்தல் வேண்டும். இலங்கையின் பங்கீட்டு முறை வரலாறு இதற்கு நல்ல சான்று. உலகப் போர்க் காலத்தில், 1942 இல், அரிசிப் பங்கீடு இந்நாட்டில் தொடங்கியது. அன்றுதொட்டு ஒரு தலைமுறைக்கு மேலாகக் கூப்பன் புத்தகம் குடும்பத்தின் முக்கிய ஆவணங்களுள் ஒன்றாய் விளங்கியது. கூப்பன் அரிசியின் தரத்தைப் பற்றி எவ்வளவு முறைப்பாடுகள் இருந்தபோதிலும், ஆளுக்கு இவ்வளவு கொத்து என்பது நிச்சயம். அந்த நிச்சயத்தின்மீதே அடுக்களைத் திட்டம் கட்டப்பட்டது. 1953 யூலையில் பங்கீட்டரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது மூண்ட கோபம், ஆகஸ்ட் 12 ஆம் நாள் நாடளாவிய ஹர்த்தாலாக வெடித்தது. சில மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதனை விலையுயர்வுக்கு எதிரான கிளர்ச்சி என்று மட்டும் கூறுதல் போதாது. ஒவ்வொரு வீட்டிலும் போடப்பட்டிருந்த கணக்கை ஒரே நாளில் பொய்யாக்கிய செயலுக்கு எழுந்த எதிர்ப்பு அது.

1979 இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது வழங்கும் முறையில் ஏற்பட்ட சிறு மாற்றம்போல் தோன்றலாம். அறவியல் நோக்கில் அது பெரிய மாற்றமாகும். பங்கீட்டில் உறுதியளிக்கப்பட்டது அரிசி. முத்திரையில் உறுதியளிக்கப்பட்டது ரூபாய். அரிசியின் விலை ஏறினால் முன்னைய முறையில் அச்சுமை திறைசேரியின்மேல் விழுந்தது. பின்னைய முறையில் அது அடுக்களையின்மேல் விழுந்தது. முத்திரையின் பெறுமதி நிலையாக நிற்க விலைகள் ஏறியமையால், சில ஆண்டுகளுக்குள் அதன் வாங்குவலு பெரிதும் தேய்ந்தது. எதிர்காலத்தின் நிச்சயமின்மையை யார் சுமப்பது என்பதும் பங்கீட்டு நீதியின் வினாவே. அதனை அரசு தன் தோளிலிருந்து இறக்கிவைத்தபோது, நாட்டிலேயே அதனைத் தாங்க ஆகக் குறைந்த வலுவுடைய கைகளுக்கு அது சென்றது.

2022 ஆம் ஆண்டு இதன் கடுமையான உரு வெளிப்பட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, அவ்வாண்டு செப்டெம்பரில் உணவு விலைகள் முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தன. ஞாயிறன்று எழுதிய பட்டியல் புதனன்று பயனற்றதாயிற்று. எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடையாத நாட்களில், எதனைச் சமைப்பது என்பதற்கு முன்னர் எதனைக் கொண்டு சமைப்பது என்பதே வினாவாயிற்று. மரவள்ளியும் முருங்கையிலையும் மீண்டும் அடுப்பேறின. பாணும் சம்பலும் ஒருவேளை உணவாகவிருந்தது போய், பாணின் துண்டுகள் எண்ணப்பட்டன. அக்காலத்தில் சிக்கனத்தைப் போதித்த உரைகள் பல எழுந்தன. அவற்றைக் கேட்டவருள் மிகுதியானோர் அவ்வுரைகளை நிகழ்த்தியோரிலும் சிக்கனத்தை நன்கறிந்தவர்கள்.

இதுவரை நோக்கியது குடும்பத்துக்கும் புறவுலகுக்கும் இடையிலான நீதி. குடும்பத்துக்குள்ளே நிகழும் பங்கீடே கடினமான பகுதி. ஐவர் கொண்ட ஒரு வீட்டைக் கருதுக. கூலி வேலைக்குப் போகும் தந்தை, தாய், வயோதிபப் பாட்டி, பாடசாலை செல்லும் மகன், ஐந்து வயது மகள். சட்டியில் நான்கு மீன் துண்டுகள். சமமாகப் பகிர்வதாயின் ஒவ்வொன்றையும் உடைக்க வேண்டும். தேவைக்கேற்பப் பகிர்வதாயின் வளரும் பிள்ளைகளுக்கு முதலிடம். உழைப்புக்கேற்பப் பகிர்வதாயின் தந்தைக்கு. மூத்தோரை மதிப்பதாயின் பாட்டிக்கு. ஒவ்வொரு கொள்கைக்கும் நியாயம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மெய்யியலில் ஒரு பரம்பரையும் உண்டு. வியப்புக்குரியது யாதெனில், எந்தக் கொள்கையின்படி பகிர்ந்தாலும் நடைமுறையில் துண்டு கிடைக்காமற் போகின்றவர் ஒருவரே. சட்டியில் ஒட்டிய குழம்பைச் சோற்றிற் பிசைந்து உண்பவர் அவர்.

உழைப்புக்கேற்ற பங்கு என்னும் வாதத்துக்கு அறிவியலும் ஒருகாலத்தில் துணைநின்றது. அமெரிக்க ஊட்டவியலாளர் அற்வாற்றர் வகுத்த அளவுகோலில், ஆண் ஒருவனின் உணவுத் தேவை ஒன்று எனின் பெண்ணின் தேவை அதில் எட்டுப்பத்தாம் பங்கு (0.8). றௌன்றியும் இதனையே பின்பற்றினார். உடல் நிறையைக் கருதுங்கால் சராசரியாக இது பொருந்தலாம். ஆனால் நீர் சுமந்து, விறகு பிளந்து, மாவிடித்து, மலைநாட்டில் கொழுந்துக் கூடையோடு சரிவேறி, அதன்மேல் கருவையும் சுமக்கும் ஒருத்திக்கு அச்சராசரி எவ்வாறு பொருந்தும்? சராசரி என்பது எவருடைய தட்டிலும் உண்பதில்லை.

ஜோன் றோல்ஸ் 1971 இல் வெளியிட்ட ‘நீதிக் கோட்பாடு’ இந்நூற்றாண்டுச் சிந்தனையிலும் பெருஞ்செல்வாக்கு உடையது. சமூகத்தில் தனக்கு எந்த நிலை வாய்க்கும் என அறியாத ஒருவர் எவ்வகை விதிகளை ஏற்பார் என்று கேட்டு, அவ்வழியே நீதியின் தத்துவங்களை அவர் நிறுவ முயன்றார். ஆனால் குடும்பம் நீதியானது என்பதை அவர் ஆராயாது எடுத்துக்கொண்டார் எனச் சூசன் ஒக்கின் 1989 இல் குறை கூறினார். அக்குறை பொருத்தமானதே. றோல்ஸின் வினாவை மீன் சட்டிக்குக் கொண்டுவந்தால் விடை தெளிவாகும்: பரிமாறுபவர் தாமா, தந்தையா, மகளா என அறியாத நிலையில், என்றும் ஒருவரே விடுபடுகின்ற முறையை எவரும் ஏற்கமாட்டார். விடுபடுவது முறைவைத்து மாறவேனும் வேண்டும்.

இதற்கு உடனே எழும் மறுப்பு ஒன்றுண்டு. தாய் தானே விரும்பி விட்டுக்கொடுக்கின்றாள்; அன்பின் செயலுக்கு நீதியின் தராசு எதற்கு? இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிடலாகாது. அன்பு கணக்குப் பார்க்காது என்பதில் உண்மை உண்டு. கணக்கே அன்பாகிவிட்ட குடும்பம் சத்திரமாகிவிடும். ஆயின் கொடை என்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு. கொடாதிருக்க இயன்றவர் கொடுப்பதே கொடை. தாய் ஒருநாள் தன் பங்கை எடுத்துக்கொண்டாளாயின் என்ன நிகழும்? எவரும் எதுவும் எண்ணாராயின், மற்றைய நாட்களில் அவள் கொடுத்தது கொடைதான். புருவங்கள் உயருமாயின், அவள் கொடுத்துக்கொண்டிருந்தது வரி. அமர்த்தியா சென் 1990 இல் எழுதிய கட்டுரையொன்றில், குடும்பம் ஒத்துழைப்பும் முரண்பாடும் ஒருங்கே நிகழும் இடம் என்றும், தன் நலன் குடும்ப நலனின் வேறானது என்னும் உணர்வே குன்றியவர் பங்கீட்டில் பின்தள்ளப்படுகின்றார் என்றும் விளக்கினார். முறைப்பாடு இல்லாமை அநீதி இல்லாமைக்குச் சான்றாகாது.

இமானுவல் கான்ற் மனிதத்தன்மையைப் பிறரிடத்து மட்டுமன்றித் தன்னிடத்தும் வெறுங் கருவியாக நடத்தலாகாது என வற்புறுத்தினார். தன்னைப் பட்டினியிட்டுத் திட்டத்தை நிறைவேற்றுபவள் தனக்கே ஒரு தவறு இழைக்கின்றாள் என இதிலிருந்து கூறலாமா? கோட்பாட்டளவில் கூறலாம். ஆனால் மூன்று பிள்ளைகள் பசித்திருக்கத் தான் உண்டவளாக இருக்க வேண்டும் என்று அவளுக்குக் கடமை போதிப்பது, பாரத்தின்மேல் பாரம் ஏற்றுவதாகும். இங்குக் கடமை அவளுடையதன்று. அதே வீட்டில் உண்ணும் மற்றப் பெரியவர்களுடையது. அவள் எதனை உண்டாள் என்று கேட்டறியும் கடமை அது. கேட்கப்படாமல் அவள் சொல்லமாட்டாள்.

கேட்டாலும் அவள் கூறும் விடை ‘எனக்குப் பசியில்லை’ என்பதே. தமிழ்க் குடும்பங்களில் இதனினும் மதிக்கப்படும் பொய் வேறில்லை. கதைகளும் திரைப்படங்களும் இதனைப் பலவாறு போற்றியுள்ளன. இப்பொய்யினால் இழப்புறுபவர் அவள் மட்டும் அல்லர் என்பது அத்துணை கவனிக்கப்படவில்லை. குறை உண்டு என அறிந்திருந்தால் மகன் தன் துண்டில் பாதியைத் தந்திருக்கக்கூடும். அந்த வாய்ப்பு அவனுக்கு மறுக்கப்படுகின்றது. வீட்டில் எல்லாம் போதுமானதாய் இருந்தது என்னும் நினைவோடு வளரும் அவன், நாளை தன் வீட்டிலும் சோற்றுப்பானை தானே நிறையும் என்று எதிர்பார்ப்பான். மறைக்கப்பட்ட தியாகம் அடுத்த தலைமுறையில் இன்னொருத்தியின் தட்டைக் குறைக்கின்றது.

ஆகவே கணக்கை வீட்டார் யாவரும் அறிதல் வேண்டும் என்பது பெறப்படும். எந்த வயதில் என்பது தனி வினா. ஐந்து வயதுக் குழந்தை அரிசியின் விலையை அறிந்து உண்பது துயரமானது. தட்டைப் பார்த்து அஞ்சும் குழந்தை குழந்தைமையை இழந்தது. பதினைந்து வயது மகன் அதனை அறியாதிருப்பதோ இழுக்கு. பட்டியல் எழுதும் வேலையிலும் சந்தைக்குப் போய் விலை கேட்கும் வேலையிலும் மகனையும் மகளையும் ஒருங்கே ஈடுபடுத்தும் வீடுகளில் இது பேச்சின்றியே கற்பிக்கப்படுகின்றது. மகளை மட்டும் ஈடுபடுத்தும் வீடுகளில் கற்பிக்கப்படுவது வேறொன்று.

எஞ்சியிருப்பது விருந்தினர் பற்றிய சிக்கல். அளந்து உலையேற்றும் வீட்டில் எதிர்பாராது வருபவருக்குச் சோறில்லை. திட்டம் எவ்வளவுக்குத் துல்லியமானதோ அவ்வளவுக்கு அது வாசலை மூடுகின்றது. நம்மவரின் பழைய மனையறம் இதனை உணர்ந்திருந்தமையாலேயே ஓராளுக்குக் கூடுதலாகச் சமைக்கும் வழக்கம் வேரூன்றியது. எஞ்சியது பழஞ்சோறாகி மறுநாட் காலை உணவாயிற்று, ஆதலின் வீணும் இல்லை. பிடியரிசி வழக்கமும் இவ்வகையதே. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் இடுவது. அது கோயிலுக்கோ பொதுக் காரியத்துக்கோ நெருக்கடியான நாளுக்கோ சேரும். அப்பிடி எவருடைய தட்டிலிருந்தும் எடுக்கப்படுவதில்லை. பானையிலிருந்து, பங்கிடுவதற்கு முன், எடுக்கப்படுகின்றது. குறை எல்லோர்மேலும் சிறிது சிறிதாகப் பரவுகின்றது. கணக்கு என்று பார்த்தால் ஸ்ரிக்லரின் கணக்கிலும் இது நுட்பமானது.

ஆனால் பானையிலிருந்து எடுக்கப்பட்டதா, ஒரு தட்டிலிருந்து எடுக்கப்பட்டதா என்பதை யார் காண்பது? மாலையில் ஒருவர் வந்துவிட்டார். வீட்டுக்காரர் மகிழ்ந்து இலை போடச் சொல்கின்றார். விருந்தோம்பிய புகழ் அவருக்கு வருகின்றது. உள்ளே ஒருத்தி பிட்டுக் குழலை இரண்டாம் முறை தட்டிப் பார்த்து, எஞ்சிய மாவை அளந்து, இரவுக்கு யார் யார் இன்னும் உண்ணவில்லை என்று மனத்துள் எண்ணுகின்றாள். விருந்தோம்பல் பற்றிப் பேசும் அறநூல்கள் வாசலில் நிற்பவரைப் பற்றி மிகுதியாகப் பேசியுள்ளன. அடுப்படியில் நிற்பவரின் கணக்கில் அந்த விருந்தினரின் பங்கு எந்த வரியிலிருந்து கழிக்கப்படுகின்றது என்பதை அவை கேட்டதில்லை.